வேலிக்கு அப்பாலும் தமிழ்ப் பிள்ளைகள் போகவேண்டும்

மும்பையில் 400088 என்று ஒரு தபால் எண் இருக்கிறது. மான்குர்த்திலுள்ள ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையத்துக்குப் போகும் கடிதத்திலும் அந்த எண்தான். தகரக் கூரைகளும் குறுகிய சந்துகளும் நிறைந்த சீத்தா கேம்ப்புக்கு ஊரிலிருந்து வரும் கடிதத்திலும் அதே எண்தான்.

முன்னது டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தது. 1974-இல் தொடங்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தை எப்படிச் சொல்லித்தருவது என்று ஆராய்வதே அதன் வேலை. சர்வதேச விஞ்ஞான ஒலிம்பியாட் போட்டிகளுக்கு இந்திய மாணவர்களைப் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுப்பதும் அங்கேதான். பின்னது, பிழைப்புத் தேடி வந்த ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வாழும் இடம்.

நாட்டின் நாலா மூலையிலிருந்தும் கெட்டிக்காரப் பிள்ளைகள் ரயில் ஏறி மான்குர்த்துக்கு வருகிறார்கள். மான்குர்த்திலேயே பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வாசலை மிதித்திருப்பார்கள்? விளக்கின் அடியில் இருட்டு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இடம் கொடுத்தவர்கள்

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. டிராம்பேயில் 1954-இல் அணுசக்தி நிலையம் ஏற்பட்டது. 1967-இல் அதற்கு பாபா அணு ஆராய்ச்சி நிலையம் என்று பெயர் சூட்டப்பட்டது. அதன் அருகில் ஜனதா காலனி என்ற பெரிய குடியிருப்பு இருந்தது. தமிழர்கள் அங்கே மிகுதியாக வாழ்ந்தார்கள். அந்த நிலம் அணுசக்தி நிலையத்துக்கு வேண்டும் என்றார்கள். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம் மக்களைத் திரட்டிப் போராடினார். வழக்கு நடந்தது, டில்லி வரை போய்ப் பார்த்தார்கள். நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976 மே மாதத்தில் ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் இடம் பெயர்க்கப்பட்டார்கள். அப்படி உருவானதுதான் சீத்தா கேம்ப்.

அற்புதத்துக்கு 2000-இல் மகசேசே விருது கிடைத்தது. 2011-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2018-இல் அவர் மறைந்தார். ஆனால் விஞ்ஞானத்துக்கு இடம் கொடுத்துவிட்டு நகர்ந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த விஞ்ஞானத்திலிருந்து என்ன கிடைத்தது? 2009-ஆம் ஆண்டு மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் மான்குர்த், கோவண்டிப் பகுதிகள் அடங்கிய எம் கிழக்கு வார்டுக்குக் கிடைத்தது கடைசி இடம்.

வேலிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது இங்குள்ள தாய் தகப்பனுக்குத் தெரியாது. தெரிந்தால்தானே பிள்ளைக்குச் சொல்ல முடியும்? அவர்களிடம் சொல்லத்தக்க ஒரு வரலாறு கொலாபாவில் இருக்கிறது.

கொலாபாவில் ஒரு பேராசிரியர்

மான்குர்த்தில் ஹார்பர் ரயிலைப் பிடித்து, பழைய வி.டி. ஸ்டேஷனில் இறங்கி பஸ் ஏறினால், கொலாபாவின் கடைக்கோடியில் கடலோரமாக டாட்டா ஆராய்ச்சி நிலையம் வரும். ஹோமி பாபா 1945-இல் தொடங்கிய நிலையம் அது. இப்போதுள்ள கட்டடத்தை 1962-இல் நேரு திறந்து வைத்தார். அங்கே நெடுங்காலம் பௌதிகப் பேராசிரியராக ஆராய்ச்சி செய்து, பின்னர் அந்த நிலையத்துக்கே இயக்குநராக விளங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன்.

அவர் எடுத்துக்கொண்ட துறையை இன்று குவாண்டம் பொருள்கள் என்கிறார்கள். பெயர் மிரட்டினாலும் விஷயம் புரியக்கூடியதே. சாதாரணச் செப்புக் கம்பியில் மின்சாரம் பாயும்போது எலெக்ட்ரான்கள் சந்தைக் கூட்டம்போல முட்டி மோதிக்கொண்டு போகின்றன. அதனால் கம்பி சூடாகிறது. மின்சாரத்தில் ஒரு பகுதி வீணாகிறது. சில பொருள்களை மிகவும் குளிர வைத்தால் அந்தக் கூட்டம் திடீரென்று ஒழுங்குக்கு வந்துவிடும். தேர்வடம் பிடித்தவர்களைப்போல எல்லா எலெக்ட்ரான்களும் ஒன்றாக நகரும். தடை என்பது அடியோடு இல்லாமற்போகும். இதற்கு மீக்கடத்தல் என்று பெயர். 1911-இல் ஹாலந்து விஞ்ஞானி காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தில் இதைக் கண்டுபிடித்தார். இன்று ஆஸ்பத்திரிகளில் உடலுக்குள் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் பெரிய காந்தம் வேலை செய்வது இந்தத் தன்மையால்தான்.

எலெக்ட்ரான்கள் கூட்டாக நடந்துகொள்ளும் விதத்தால் விசித்திரமான குணங்களைக் காட்டும் இப்படிப்பட்ட பொருள்களைத்தான் ராமகிருஷ்ணன் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அருமண் உலோகங்களும் இரிடியமும் சிலிக்கனும் சேர்ந்த கூட்டுப்பொருள்களில் எலெக்ட்ரான்கள் அலையலையாக அணிவகுத்து நிற்பதைப் பற்றி அவரும் சக ஆராய்ச்சியாளர்களும் தொடர்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். வெளியுலகம் இதைக் கவனிக்கவில்லை. கைதட்டலும் இல்லை, கட்-அவுட்டும் இல்லை. விவசாயி வயலுக்குப் போவதுபோல அவர்கள் தினமும் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார்கள்.

நடக்காது என்றது நடந்தது

பிஸ்மத் என்று ஓர் உலோகம். பௌதிக விஞ்ஞானிகளுக்கு மிகவும் பழக்கமான பொருள். அது மீக்கடத்தியாகுமா என்பது நீண்டகாலக் கேள்வி. அழுத்திப் பிழிந்தால் ஆகும் என்று தெரிந்திருந்தது. அழுத்தம் எதுவும் இல்லாமல், இயல்பான நிலையில் இருக்கும் சுத்தமான பிஸ்மத் படிகம் ஆகுமா? மிகவும் அரிது என்றே நிபுணர்கள் நினைத்தார்கள்.

காரணம் இதுதான். நல்ல உலோகங்களில் அணுவுக்கு ஒன்றாவது சுதந்திரமாக ஓடும் எலெக்ட்ரான் இருக்கும். பிஸ்மத்தில் சுமார் ஒரு லட்சம் அணுக்களுக்கு ஒன்றுதான். வடம் பிடிக்க ஆளே இல்லாத ஊரில் தேர் எப்படி ஓடும்? பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவரும் 1957-இல் வகுத்து, 1972-இல் நோபல் பரிசு பெற்ற கொள்கையும் பிஸ்மத்துக்கு வழி காட்டவில்லை.

ராமகிருஷ்ணனின் குழு அதைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று இறங்கியது. முதலில் குற்றம் குறையில்லாத படிகம் வேண்டும். படிகம் வளர்ப்பதில் கைதேர்ந்த ஏ. தமிழ்வேள் அந்தக் குழுவில் இருந்தார். கற்கண்டு செய்பவர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும். பாகை அவசரப்பட்டு ஆறவைத்தால் கட்டிதான் கிடைக்கும். பொறுமையாக விட்டால்தான் பட்டை பட்டையாகக் கற்கண்டு விளையும். உலோகப் படிகமும் அப்படியே. உருக்கி, மெல்ல மெல்ல ஆறவிட்டு, அணுக்கள் ஒழுங்காக வரிசையில் உட்கார நேரம் கொடுக்கவேண்டும்.

அடுத்தது குளிர். பிரபஞ்சத்தில் இருக்கக்கூடிய அடிமட்டக் குளிர் மைனஸ் 273.15 டிகிரி. ஆகாய வெளி அதைவிட 2.7 டிகிரி வெப்பம் கொண்டது. ராமகிருஷ்ணன் குழு போகவேண்டியிருந்தது அதற்கும் வெகு கீழே. ஹீலியத்தின் இரு வகைகளைக் கலந்து குளிரூட்டும் இயந்திரத்தால் ஒரு கட்டம் இறங்கினார்கள். பிறகு செம்பின் அணுக்கருக்களைக் காந்தத்தால் வரிசைப்படுத்தி, அந்தக் காந்தப் பிடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, மேலும் இறங்கினார்கள்.

இத்துடன் தீரவில்லை தொல்லை. பிஸ்மத்தின் மீக்கடத்தல் மிகவும் மென்மையானது. 5.2 மைக்ரோடெஸ்லா அளவுள்ள காந்தப்புலமே அதை அழித்துவிடும். திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தப்புலம் அதைவிடப் பல மடங்கு பெரிது! ஆகவே பூமியின் காந்தமும் உள்ளே நுழையாதபடி படிகத்துக்குக் காவல் போடவேண்டியிருந்தது.

கடைசியில் அடிமட்டக் குளிருக்கு மேலே ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதிலும் ஏறக்குறைய பாதி, அதாவது 0.53 மில்லிகெல்வின் என்ற நிலையில் பிஸ்மத் மீக்கடத்தியாக மாறிற்று. ஆகாய வெளியைவிடச் சுமார் 5,000 மடங்கு குளிர்ந்த நிலை அது. மும்பையின் புழுக்கத்தில், கொலாபாவில் இது நடந்தது. ஓம் பிரகாஷ், அனில் குமார், தமிழ்வேள், ராமகிருஷ்ணன் ஆகிய நால்வரின் பெயரில் 2016 டிசம்பரில் அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ ஏட்டில் செய்தி வெளியாயிற்று. ஏறக்குறைய 60 ஆண்டுகளாக அசையாமல் நின்ற ஒரு கொள்கையால் விளக்க முடியாத உண்மையை இவர்கள் கண்டு சொன்னார்கள். இனி இதற்குப் புதிய விளக்கம் தேடவேண்டியது உலக விஞ்ஞானிகளின் கடமையாகிவிட்டது.

ஒரு நாளில் வந்ததல்ல

இந்தப் பெருமை ஒற்றை மரமாக முளைத்ததும் அன்று. ராமநாதபுரம் சீமையில் வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், சர் சி.வி. ராமனின் வலக்கையாக இருந்தவர். படிகங்களின் காந்தக் குணத்தைத் துல்லியமாக அளந்து காட்டினார். 1987-இல் ஜி. பாஸ்கரன், அமெரிக்காவில் நோபல் பரிசாளர் ஆண்டர்சனுடன் சேர்ந்து புதுவகை மீக்கடத்திகளுக்கு ஒரு கொள்கை வகுத்தார். பின்னர் சென்னை கணித விஞ்ஞான நிலையத்தில் அதே துறையில் உழைத்தார். 1994-இல் கொலாபாவிலேயே ஆர். நாகராஜன், எல்.சி. குப்தா, ஆர். விஜயராகவன் முதலியோர் அடங்கிய குழு, யிட்ரியம், நிக்கல், போரான், கார்பன் நான்கும் சேர்ந்த புதிய மீக்கடத்தியைக் கண்டுபிடித்தது. உலகெங்கும் பல ஆராய்ச்சிக் கூடங்கள் அந்தக் குடும்பத்துப் பொருள்களை எடுத்து ஆராய்ந்தன.

பெயர்களைப் படித்து மார்தட்டிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. தமிழர் பெருமை பேசுவதற்கு மேடைகள் மும்பையில் ஏற்கெனவே ஏராளம். பார்க்கவேண்டியது வேறு. இந்த ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டவை எவை? பொறுமை, கைத்திறமை, ஒரு தடவை தவறினால் மறுபடி செய்யும் பிடிவாதம். உலைக்கு முன்னால் நிற்கத் தயங்காத உடம்பு. இவை பங்களாவில் பிறந்தவர்களுக்கு மட்டும் ஆண்டவன் எழுதி வைத்த சொத்தா? பட்டறையிலும் தோல் தொழிலிலும் தையல் மெஷினிலும் கட்டட வேலையிலும் தமிழ்த் தொழிலாளி காட்டும் குணங்கள் இவையே அல்லவா?

“இதனால் என்ன பயன்?”

தகப்பனார் கேட்பார்: “பிஸ்மத் குளிர்ந்தால் நமக்கென்ன? பையன் சம்பாதிப்பானா?”

நியாயமான கேள்வி. வாடகையும் ரேஷனும் பார்க்கிறவர் அப்படித்தான் கேட்பார். பதிலும் இருக்கிறது. எம்.எஸ்ஸி. முடித்துத் தகுதித் தேர்வில் தேறி ஆராய்ச்சிக்குச் சேரும் மாணவனுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை 2023-இல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. படித்துக்கொண்டே வாங்கும் பணம் இது. அதே 2023-இல் மத்திய மந்திரிசபை தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி அனுமதி அளித்தது. 2031 வரை நடக்கும் திட்டம் அது. அதன் நான்கு பிரிவுகளில் ஒன்று குவாண்டம் பொருள்களும் கருவிகளும். நுண்ணிய அளவைக் கருவிகளுக்கான மையம் இதே மும்பையில், பவாய் ஐ.ஐ.டி.யில் அமைந்திருக்கிறது. ஆட்கள் தேவைப்படப் போகிறார்கள். அந்த ஆட்கள் எந்த வீட்டிலிருந்து வருவார்கள் என்பதே கேள்வி.

டாக்டர், இன்ஜினீயர் என்ற இரண்டே சொற்களைத்தான் பெரும்பாலான வீடுகள் அறிந்திருக்கின்றன. அதற்குப் பணமில்லை என்றால் பையன் கூரியர் வேலைக்கு, பெண் கல்யாணத்துக்கு. நடுவே விஞ்ஞானம் என்ற மூன்றாவது பாதை ஒன்று இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. எல்லாப் பிள்ளைகளும் ராமகிருஷ்ணன் ஆகிவிட முடியாது. உண்மைதான். ஆனால் ஆகக்கூடிய பிள்ளை ஒன்று சீத்தா கேம்ப் சந்தில் தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தால், அது அந்தக் குடும்பத்துக்கு மட்டுமா நஷ்டம்?

மொழிதான் சுவர்

மான்குர்த் மையமே நெடுநாளைக்கு முன் கண்டறிந்த உண்மை ஒன்று உண்டு. 1980-களில் மாநகராட்சிப் பள்ளிகளில் படித்த தாழ்த்தப்பட்ட சமூக மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, மையத்தின் முதல் இயக்குநர் வி.ஜி. குல்கர்னியும் அவர் சகாக்களும் பயிற்சி அளித்தார்கள். பிள்ளைகளிடம் மூளைக்குப் பஞ்சமில்லை. பாடப்புத்தகத்தின் கடினமான மொழிதான் அவர்களைத் தடுக்கிறது என்பதை அந்த மையத்தின் ஆராய்ச்சிகள் எடுத்துக்காட்டின. மொழியை எளிமையாக்கிக் கொடுத்தபோது பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

தாய்மொழி மராத்தியாக உள்ள பிள்ளைக்கே மராத்திப் புத்தகம் சுவராக நின்றதென்றால், தமிழ்ப் பிள்ளையின் நிலை என்ன? வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, ஆபீஸ் பலகையில் மராத்தி. தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கும் குழந்தை, பதினோராம் வகுப்பில் விஞ்ஞானம் எடுக்கவேண்டுமானால் ஆங்கிலத்துக்குத் தாவியே ஆகவேண்டும். பாலமில்லாத ஆற்றைத் தாண்டச் சொல்வதுபோல இது. பாதிப் பேர் கரையிலேயே திரும்பி, விஞ்ஞானம் வேண்டாம் என்று வேறு பாடம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு மருந்தாகச் சிலர், முதல் வகுப்பிலேயே ஆங்கிலத்தில் போடு, தமிழை விடு என்கிறார்கள். அப்படிப் போட்ட பிள்ளைகளும் பொருள் புரியாமல் மனப்பாடம் செய்வதைப் பார்க்கிறோமே என்று ஆசிரியர்கள் வருந்துகிறார்கள். வேறு சிலர் தமிழைக் காப்போம் என்று மேடையில் முழங்கிவிட்டு, தங்கள் பிள்ளைகளைக் கான்வென்ட்டில் சேர்க்கிறார்கள். இரண்டும் சரியல்ல. தெரிந்த மொழியில் பொருளைப் புரியவைத்து, அதன் பிறகு ஆங்கிலச் சொல்லைக் கையில் கொடுப்பதே முறை. மீக்கடத்தல் என்றால் என்னவென்று தேர்வடத்தைக் காட்டித் தமிழில் புரிந்துகொண்ட பிள்ளை, அதன் ஆங்கிலப் பெயரை ஒரு நாளில் கற்றுக்கொள்ளும்.

யார் என்ன செய்யலாம்?

அணுசக்தி நகரிலும் செம்பூரிலும் ஓய்வு பெற்ற தமிழ் விஞ்ஞானிகள், இன்ஜினீயர்கள், டெக்னீஷியன்கள் பலர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் மான்குர்த்துக்கும் சீத்தா கேம்ப்புக்கும் அவர்கள் நடந்து வந்தால் போதும். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் தமிழில் விளக்கி, ஆங்கிலத்தில் எழுதப் பழக்கிவிடலாம்.

தமிழ்ச் சங்கங்களும் மன்றங்களும் ஆண்டு விழாவில் போடும் பொன்னாடைகளில் பாதியைக் குறைத்துக்கொண்டாலே, ஒலிம்பியாட்டின் முதற்கட்டத் தேர்வுக்குப் பல பிள்ளைகளின் கட்டணத்தைக் கட்டிவிடலாம். பத்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு இளநிலை விஞ்ஞானத் தேர்வும், அதற்கு மேல் பௌதிகம், ரசாயனம், உயிரியல், வானியல் என்று தனித்தனித் தேர்வுகளும் உண்டு. இந்தச் செய்தியே பெரும்பாலான தமிழ்ப் பள்ளி வீடுகளுக்கு எட்டவில்லை. முதலில் அதை எட்டச் செய்யவேண்டும்.

விஞ்ஞான நிலையங்களுக்கும் பொறுப்பு உண்டு. ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்ட நினைவாக ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் நாளைத் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறார்கள். அந்த நாளில் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. திறந்த கதவுக்குள் நுழையக் கூச்சப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களின் பள்ளிக்கே போய், திரவ நைட்ரஜனில் ரோஜாப்பூவைத் தோய்த்து நொறுக்கிக் காட்டுங்கள். குளிர்ந்த மீக்கடத்தியின் மேல் காந்தம் அந்தரத்தில் மிதப்பதைக் காட்டுங்கள். அதைக் கண்ணால் கண்ட குழந்தை அன்றிரவு தூங்காது.

பெற்றோர்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். பத்தாம் வகுப்போடு பிள்ளையை, குறிப்பாகப் பெண் பிள்ளையை, நிறுத்திவிடக்கூடாது. நல்ல படிகம் விளையக் காலம் வேண்டும். அவசரப்பட்டு உலையைத் திறந்தவருக்குக் கட்டிதான் மிஞ்சும்.

1976-இல் விஞ்ஞானத்துக்காக ஒரு தலைமுறை தன் வீட்டை விட்டு வெளியேறியது. அதற்கு ஈடாக யாரும் தங்கக்காசு கேட்கவில்லை. 400088 என்ற ஒரே தபால் எண்ணுக்குள், சந்திலிருந்து ஆராய்ச்சி மையத்தின் வாசல் வரை ஒரு பாதை கேட்கிறார்கள். அந்தப் பாதையில் முதல் பிள்ளையைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் வேலை மும்பைத் தமிழர்களுடையது.